மூன்றாம் நாள் மூக்கு

மும்பையிலிருந்து கல்யாண் தாண்டிப் போகும் கர்ஜத் லோக்கல் ரயிலில் யார் புதியவர், யார் தினமும் வந்துபோகிறவர் என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடலாம். கையைப் பார்த்தால் போதும். விட்டல்வாடி, உல்லாஸ்நகர், அடுத்து அம்பர்நாத். வால்துனி ஆறு கறுப்பாகத் தென்படும் இடத்தில் சிலருடைய கை தானாக மூக்குக்குப் போகும். கைக்குட்டை, துப்பட்டா, சட்டைக் காலர், எது அகப்படுகிறதோ அது. மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டோ ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டோ வருவார்கள். ஒரே பெட்டி, ஒரே காற்று.

அன்றைக்கு என் கை மூக்கில் இருந்தது. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்தாற்போல் ஒரு வாடை. அம்பர்நாத் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து அத்தை வீட்டு மாடிப்படி ஏறும் வரை அது கூடவே வந்தது. அத்தைக்குத் திருநெல்வேலிப் பக்கம். மாமாவுக்கு இங்கே ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்ததால் வந்தவர்கள், மாமா ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1953இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையை நம்பி நாலா பக்கத்திலிருந்தும் இந்த ஊருக்குக் குடும்பங்கள் வந்தன. மும்பையின் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அடுத்தபடியாக நம் தமிழ் ஆட்கள் வேர்விட்ட இடங்கள் இந்தக் கல்யாண் பக்கத்து ஊர்கள்.

"ஊருக்குள்ள நுழையும்போதே இப்படி நாறுதே அத்தை, எப்படி இருக்கீங்க?"

"எங்கய்யா நாறுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் அத்தை. சொல்லி வாய் மூடவில்லை, "இரு, பால் அடிப்பிடிக்கு" என்று எழுந்து அடுக்களைக்கு ஓடினார். நான் அதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பால் வாசனை எதுவும் எட்டவில்லை. அவர் ஓடிப்போய் அடுப்பை அணைத்தபோது பாத்திரத்தின் அடியில் லேசான பழுப்பு நிறம் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

எழுபது வயதில் அவர் மூக்கு என் மூக்கைவிடக் கூர்மை. அந்த மூக்கில் ஆற்றின் நாற்றம் மட்டும் ஏறவில்லை. அதற்குக் காரணம் தேடிப் போனதில் உண்டானதுதான் இந்தக் கட்டுரை.

மூக்கின் மேல்தளத்தில், இரு கண்களுக்கும் நடுவே, தபால்தலை அகலத்துக்கு ஒரு சவ்வு இருக்கிறது. பல லட்சம் நரம்புச் செல்கள் அதில் நட்டு வைத்தாற்போல் நிற்கின்றன. உடம்பிலுள்ள மற்ற நரம்புகளெல்லாம் தோலுக்கும் எலும்புக்கும் உள்ளே பத்திரமாக இருக்க, இவை மட்டும் வெளிக்காற்றில் தலையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதனாலேயே அடிக்கடி செத்துப்போகின்றன. ஓரிரு மாதத்தில் புதியவை முளைக்கின்றன. ஒவ்வொரு செல்லின் நுனியிலும் ஒரே ஒரு வகை ஏற்பிப் புரதம். மனிதனுக்கு இப்படி ஏறத்தாழ 400 வகை. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் என்ற இருவரும் 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

400 ஏற்பிகளை வைத்துக்கொண்டு எண்ணற்ற மணங்களைப் பிரித்தறிவது எப்படி என்றால், நாம் 247 எழுத்தை வைத்துக்கொண்டு பேசுவது போலத்தான். மல்லிகையின் மணம் ஒரு பொருளால் ஆனதில்லை. அதில் பல மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஏற்பிகளை அழுத்தமாகவும் சிலவற்றை லேசாகவும் தட்டும். எந்தெந்த ஏற்பி எவ்வளவு தட்டப்பட்டது என்ற கோலத்தை மூளை 'மல்லி' என்று படித்துக்கொள்கிறது.

தட்டுவது என்றால் என்ன நடக்கிறது? மூலக்கூறு ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் செல்லுக்குள் ஒரு வேதிச் சங்கிலி ஓடி, செல் சுவரில் ஒரு வாசல் திறக்கிறது. சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சல்தான் மின்துடிப்பாக மாறி, சல்லடை போல் துளையிட்ட ஓர் எலும்பின் வழியாக மூளைக்கு ஏறுகிறது. கண்ணும் காதும் அனுப்பும் சேதி தலாமஸ் என்ற தபால் நிலையத்தில் இறங்கித்தான் மூளையின் மேலடுக்குக்குப் போகும். மூக்கின் சேதி அங்கே நிற்காமல் உணர்ச்சியும் நினைவும் குடியிருக்கும் பகுதிகளுக்கு நேராகப் போகிறது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடை வரிசையைக் கடக்கையில் காரணமே இல்லாமல் ஊர்க் கோயில் பிரகாரம் மனசில் வந்து நிற்பது அதனால்தான்.

இனி அத்தையின் விஷயம். வாசல் வழியாக உள்ளே வந்த அதே கால்சியம் இன்னொரு வேலையையும் செய்கிறது. அந்த வாசலின் கூர்மையை அதுவே குறைத்துவிடுகிறது. சேதியைக் கொண்டுவந்த ஆளே போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போவது மாதிரி. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் செல் சோர்ந்துவிடும். மூளையும் தன் பங்குக்கு, மாறாமல் வரும் சேதியை ஓரமாக ஒதுக்கி வைக்கும். இந்தச் சோர்வு பெரும்பாலும் அந்த ஒரு வாசனைக்கு மட்டும்தான். அதனால் ஆற்றின் நாற்றம் தெரியாத மூக்குக்குப் பால் அடிப்பிடிப்பது தெரிகிறது, பெருங்காய டப்பாவைத் திறந்தால் தெரிகிறது, பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பதும் தெரிகிறது.

நிமிடக் கணக்கிலான சோர்வு, மூக்கைக் கொஞ்ச நேரம் நல்ல காற்றில் வைத்தால் போய்விடும். அத்தைக்கு நேர்ந்திருப்பது இன்னும் ஆழமானது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், சுவையும் மணமும் பற்றியே ஆராயும் மோனெல் மையத்தில் பமீலா டால்ட்டன் என்ற ஆய்வாளர் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1996இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். சிலரின் வீட்டில் ஒரு வாசனைப் பொருளை இரண்டு வாரம் தொடர்ந்து வைத்தார்கள். அந்த வாசனையை உணரும் திறன் அவர்களுக்குக் குறைந்தது. பொருளை எடுத்த பிறகும் இரண்டு வாரம் வரை அது முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு வாரத்துக்கே இப்படி. அத்தை இந்த ஊரில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறார்.

மறுநாள் காலை அத்தையோடு அம்பர்நாத் சிவன் கோயிலுக்குப் போனேன். சிலாஹார மன்னன் சித்தராஜா தொடங்கி, மும்முனி காலத்தில் நிறைவுற்ற கோயில். சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060 என்று கல்வெட்டு சொல்கிறது. நம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஐம்பது வயது இளையது. கறுத்த பசால்ட் கல்லில் வெளிச்சுவர் முழுக்கச் சிற்பம். கருவறைக்கு ஏற வேண்டாம், இறங்க வேண்டும். மண்டபத்திலிருந்து ஏறத்தாழ இருபது படி கீழே, தரைமட்டத்துக்கும் தாழ்வாக லிங்கம் இருக்கிறது.

வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் கால் வைத்ததும் எனக்குத் தூண்கூடத் தெரியவில்லை. கண்ணின் விழித்திரையில் பகலுக்குக் கூம்புச் செல்கள் 60 லட்சம் போல, இருட்டுக்குக் குச்சிச் செல்கள் 12 கோடி போல இருக்கின்றன. வெயிலில் குச்சிச் செல்லின் நிறமி முழுக்க வெளுத்துப்போயிருக்கும். அது திரும்ப ஊற வேண்டும். முதல் சில நிமிடம் கூம்புகள் சமாளித்துக்கொள்ளும். குச்சிகள் முழுத்திறனுக்கு வர அரை மணி நேரம் ஆகும். அந்த நிறமிக்கு வைட்டமின் ஏ வேண்டும். முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லி மாலைக்கண்ணுக்கு வைத்தியம் சொன்ன பாட்டிகளுக்கு நிறமியின் பெயர் தெரியாவிட்டாலும் வழி தெரிந்திருந்தது. பத்து நிமிடம் தூணில் சாய்ந்து நின்ற பிறகு, மேலே விதானத்தின் செதுக்கல் ஒவ்வொரு வளையமாக எனக்கு முன்னால் வெளிவந்தது. கல் அப்படியேதான் இருந்தது, கண்தான் மாறிக்கொண்டிருந்தது.

படியில் வெறுங்கால் பட்டதும் சில்லென்றது. தோலில் குளிர்ச்சிக்கென்றே ஓர் ஏற்பி உண்டு. புதினாவும் மெந்தாலும் வாயில் குளிர்வதும் அதே ஏற்பியால்தான். டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2002இல் அதைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். சூடு, குளிர், தொடுகை இவற்றின் ஏற்பிகளுக்காக 2021 நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். கீழ்ப்படி வருவதற்குள் அந்தச் சில்லிப்பும் குறைந்துவிட்டது. அத்தையின் கையில் நாலு வளையல், காதில் கம்மல், மூக்கில் கண்ணாடி. "கண்ணாடி போட்டிருக்கது தெரியுதா அத்தை?" என்றேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ கேட்ட பொறவுதான் தெரியுது" என்றார்.

புலன்களின் இயல்பே இதுதான். இருப்பதை அவை சொல்வதில்லை. மாறியதைத்தான் சொல்லும். இல்லாவிட்டால் இடுப்புத் துணியின் உராய்வும் ஃபேன் சத்தமும் நம் உடம்பின் மணமுமே மூளையை நிறைத்துவிடும், புதிதாகப் பின்னால் வரும் லாரி காதில் விழாது. புலன்கள் என்றதும் எனக்கு நினைவுக்கு வரும் தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது கறையானுக்கும் எறும்புக்கும் மூன்றறிவு வைத்திருக்கிறது, மூன்றாவது மூக்கறிவு. எறும்பு ஊரும் வழியே மணத்தால் போட்ட வழி என்று இன்றைய பூச்சியியல் சொல்வதை நினைக்கும்போது, அந்தப் பார்வையின் கூர்மை மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

கோயிலை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே வால்துனி. காக்கோளே ஏரிப் பக்கம் உற்பத்தியாகி, இந்தக் கோயிலைத் தொட்டு, உல்லாஸ்நகர் வழியாகக் கல்யாண் போய்ச் சேரும் ஆறு. வீட்டுச் சாக்கடையும் தொழிற்பேட்டைகளின் கழிவும் அதில்தான் விழுகின்றன. படித்துறையில் நின்றபோது என் மூக்கு சுருங்கியது. அத்தை கையிலிருந்த வில்வ இலையைக் கசக்கி முகர்ந்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

அழுகிய முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் இல்லாத சாக்கடை நீரில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. சில தொழிற்சாலைக் கழிவில் அமிலம் பட்டாலும் அது எழும்பும். பத்துக் கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு நுட்பமாக நாம் பிடிக்கும் வாயுக்கள் குறைவு. ஆனால் அதே வாயு பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும், வாடை நின்றுவிடும். அதைவிட ஐந்து, ஏழு மடங்கு கூடினால் ஆள் சுருண்டு விழுவார்.

மலக்குழியில் இறங்குகிற தொழிலாளிகள் சாவதில் பெரிய பங்கு இந்த வாயுவுக்கு உண்டு. மூடியைத் திறந்ததும் குடலைப் பிரட்டும் வாடை. கொஞ்ச நேரம் கழித்து வாடை போய்விட்டது போல் தோன்றும். 'கேஸ் போயிருச்சு' என்று இறங்குவார்கள். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். தமிழ்நாட்டிலும் மும்பையிலும் இப்படி ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் செத்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். மனிதரை இந்த வேலையில் இறக்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்துவிட்டது. இறக்குவது நிற்கவில்லை. ஒருவரைக் குழிக்குள் அனுப்பிவிட்டு அவருடைய மூக்கையே பாதுகாப்புக் கருவியாக நம்பச் சொல்வது கொலைக்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் பொருந்திய சொல். இன்று கெட்டதற்கு மட்டும் என்றாகிவிட்டது. ஆனால் நம் பேச்சில் இன்னொரு பாகுபாடு பத்திரமாக இருக்கிறது. மல்லிக்கு மணம், மீனுக்குக் கவிச்சி, பழைய சோற்றுக்குப் புளித்த வாடை, வற்றல் மிளகாய் தாளித்தால் நெடி. மிளகாய்க்கு மணம் என்று யாரும் சொல்வதில்லை. நெடி என்றால் கண்ணில் நீர் வரும், தொண்டை கமறும், தும்மல் வரும். இது மணத்துக்கான நரம்பின் வேலை இல்லை. முகத்தின் வலியையும் சூட்டையும் உணர்கிற முக்கிளை நரம்பின் வேலை. மிளகாயின் காரம், சூட்டுக்கென்று இருக்கும் ஏற்பியையே தட்டுகிறது என்று ஜூலியஸ் குழு 1997இல் காட்டியது. குளோரின், ஃபார்மலின், கடுகு ஆகியவற்றின் உறைப்புக்கு இன்னொரு ஏற்பி. உடலியல் பாடப்புத்தகம் இரண்டு நரம்பாகப் பிரித்ததை நம் அடுக்களை 'மணம்', 'நெடி' என்று இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருந்தது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டியபோது போபாலில் விஷவாயுக் கசிவால் தூக்கம் கலைந்து எழுந்தவர்கள் பலர், யாரோ மூட்டை மூட்டையாக மிளகாயைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்ததாகப் பின்னர் சொன்னார்கள். நெடி நரம்பு தந்த சேதி அது.

இந்தப் பக்கமும் அப்படிப்பட்ட இரவுகளைப் பார்த்திருக்கிறது. 2014 நவம்பர் இறுதியில் உல்லாஸ்நகரில் டேங்கரில் கொண்டுவந்த ரசாயனக் கழிவை யாரோ வால்துனியில் கொட்டிவிட்டுப் போக, கரையோரக் குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2024 செப்டம்பரில் ஓர் இரவு அம்பர்நாத் தெருக்களிலும் தண்டவாளத்திலும் பனிமூட்டம் போல ரசாயனப் புகை படர்ந்தது. "அன்னைக்கு மட்டும் கண்ணு எரிஞ்சுது, தொண்டை அறுத்துச்சு. ஜன்னலெல்லாம் சாத்தி ஈரத்துணியைச் சொருகினோம்" என்றார் அத்தை. கவனியுங்கள், ஆற்றின் நாற்றம் தெரியாத அதே அத்தை. மணத்துக்கு மூக்கு பழகிவிட்டது, நெடி உறைத்தது. நெடிக்கும் ஓரளவு உடம்பு பழகும் என்றாலும், திசுவே புண்ணாகும் அளவுக்கு வரும்போது அது கத்தாமல் விடாது.

அம்பர்நாத்துக்கும் மூக்குக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் முதலீட்டில் 1923இல் உருவான விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் ஆலை ஒன்று இந்த ஊரில்தான் இருந்தது. இன்னொன்று திருவொற்றியூரில். அங்கே இன்றும் மெட்ரோ நிலையத்தின் பெயர் விம்கோ நகர். குச்சியை உரசியதும் மூக்கில் ஏறும் அந்தச் சுருக்கென்ற கந்தகப் புகையும் நெடி வகைதான்.

மூக்கைப் பற்றி இவ்வளவு பெருமையாகச் சொன்ன பிறகு அது கைவிடும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பென்சீனுக்கு லேசான இனிப்பு மணம் உண்டு. ஆனால் அது மூக்குக்கு எட்டும் நேரத்தில், நம் நாட்டுத் தரவரம்பான கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு காற்றில் இருக்கும். வீட்டு கேஸுக்கும் தன் சொந்த மணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை; சிலிண்டரில் நாம் உணரும் வாடை, வேண்டுமென்றே சேர்க்கும் மெர்காப்டன். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் மணமில்லாத வாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டார்கள். அதன் பிறகுதான் வாயுவுக்கு நாற்றம் சேர்ப்பது சட்டமாகப் பரவியது. நாற்றம் உயிர் காக்கும் என்று அந்த ஊர் அவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது.

மும்பையின் செம்பூர்க்காரர்களுக்குக் கேஸ் வாடை புதிதில்லை. 2019 செப்டம்பர் 19 இரவு செம்பூர், காட்கோபர், பவாய் என்று நகரத்தின் பல பகுதிகளிலிருந்து கேஸ் வாடை என்று புகார்கள் குவிந்தன. எரிவாயுக் குழாய்களைச் சோதித்தார்கள், கசிவு கிடைக்கவில்லை. 2020 ஜூன் 6 இரவும் அதே கதை. அத்தனை ஆயிரம் மூக்குகள் ஒரே நேரத்தில் சாட்சி சொல்லியும் மூலத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் காற்றைப் பிடித்து வைத்த கருவி போதுமான அளவில் இல்லை.

2009இல் வகுத்த நம் தேசியக் காற்றுத் தர அட்டவணையில் 12 மாசுகள் இருக்கின்றன. கந்தக டையாக்சைடு இருக்கிறது, அம்மோனியா இருக்கிறது, பென்சீன் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை. வால்துனிக் கரையில் நிற்கும் எவரும் முதலில் சொல்லக்கூடிய வாயு, நாடு முழுக்க அளந்தே ஆகவேண்டிய பட்டியலில் இல்லை. ஆற்றைப் பற்றி நீதிமன்றம் பேசாமலும் இல்லை. வனசக்தி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜூலையில், உல்லாஸ், வால்துனி ஆறுகளைக் கெடுத்ததற்காக இப்பகுதி நகராட்சிகளும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஏறத்தாழ 95 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. என் கை இன்னும் மூக்குக்குப் போகிறது.

ஜப்பானில் 1971இலேயே நாற்றத்துக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 1995இல் அதைத் திருத்தி, கருவியின் கணக்கோடு மனித மூக்கையும் அளவுகோலாகச் சேர்த்தார்கள். முறை எளிது. மூன்று பைகள். இரண்டில் சுத்தமான காற்று, ஒன்றில் ஆலைப் பக்கத்துக் காற்றை நீர்க்கச் செய்து கலந்தது. எது அந்தப் பை என்று ஆறு பேர் முகர்ந்து சொல்ல வேண்டும். கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வரும்வரை மேலும் மேலும் நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்தது என்பதுதான் நாற்றத்தின் அளவு. முகர்கிறவர்களின் மூக்கு சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பார்கள். இதை நடத்துவதற்கு அரசு உரிமம் பெற்ற ஆட்கள் உண்டு. அந்த ஊரிலேயே பழகிய மூக்கிடம் 'நாறுதா?' என்று கேட்டுவிட்டு, 'இல்லை' என்ற பதிலை எழுதிக்கொண்டு போகிற வழக்கம் அங்கே செல்லாது.

இங்கே அந்தப் பதில்தான் செல்லுகிறது. 'பழகிடுச்சு' என்கிறோம், ஏதோ நம் பொறுமையின் பெருமை மாதிரி. பழகியது மூக்கு. நுரையீரல் எதையும் ஒதுக்கி வைப்பதில்லை. வந்தது அத்தனையும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. வீடு பார்க்க வந்தவர், விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை, நேற்றுக் குடிவந்த வாடகைக்காரர் முகம் சுளித்தால், 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று நாம் சொல்வது நிஜம். இரண்டு நாளில் சரியாவது காற்று இல்லையே.

அத்தை அப்புறம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். அங்கே தம்பி வீட்டில் ஒன்றரை மாதம் தங்கினார். அம்பர்நாத் திரும்பிய அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது.

"ஏய்யா, நீ சொன்னது நெசந்தான். ஸ்டேஷன்ல எறங்கும்போதே கொமட்டிட்டு. இத்தனை வருஷமா இதுக்குள்ளயா கெடந்தேன்?"

தெரிகிற நேரத்தையெல்லாம் குறித்து வையுங்கள், புகார் எழுதும்போது நாளும் நேரமும் இருந்தால் பலம் என்றேன். அடுத்த முறை போனபோது அடுக்களையில் தொங்கிய மாதக் காலண்டரைப் பார்த்தேன். முதல் நாள் கட்டத்தில் பேனாவால் 'ராத்திரி 11, முட்டை நாத்தம்' என்று இருந்தது. அடுத்த நாள் 'காலை 5, ராத்திரி 12, லேசா'. மூன்றாம் நாள் கட்டத்தில் 'பால் 1 லிட்டர்' மட்டும்.

"மூணாம் நாள் வரலையா அத்தை?"

"வரலையா, எனக்குத்தான் தெரியலையான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மேல் வீட்டுக்குப் புதுசா ஒரு பிள்ளை குடிவந்திருக்கு, கோயம்புத்தூர்க்காரி. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வருவா. அவகிட்ட கேட்டுக் கேட்டு எழுதுதேன்" என்று சொல்லிவிட்டு, காலண்டர் ஆணியிலேயே பேனாவை நூல் கட்டித் தொங்கவிட்டார்.